'பார்' பயிற்சி: வாரத்தில் எத்தனை நாள்? ஓய்வு எப்போது?

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் வாசகர்கள் கடைத்தெருப் பெயர்ப்பலகைகளில் 'பார்' என்ற சொல்லைக் கண்டிருப்பார்கள். மதுச்சாலையைக் குறிக்கும் சொல்லன்று இது. பலே நடனம் பயில்வோர் பிடித்துக்கொண்டு நிற்கும் மரக் கைபிடிக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெயர். அக்கைபிடியைப் பற்றியவாறு செய்யும் உடற்பயிற்சிக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. அதனை வாரத்தில் எத்தனை நாள் செய்யலாம், எப்போது ஓய்வெடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை கூற முற்படும்போது, உடலியலைத் தாண்டி வேறு சில விடயங்களையும் பேச வேண்டியுள்ளது.

இப்பயிற்சியின் வரலாறே ஒரு காயத்திலிருந்து தொடங்குகின்றது. 1913இல் ஜேர்மனியின் கொலோன் நகரில் பிறந்த லொட்டே பேர்க் ஒரு நடனக் கலைஞர், யூத இனத்தவர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி இங்கிலாந்தில் குடியேறியவர். முதுகில் ஏற்பட்ட காயத்திலிருந்து மீள்வதற்காக மேற்கொண்ட பயிற்சிகளையும் தாம் கற்ற நடனத்தையும் இணைத்து ஒரு முறையை வகுத்தார். 1959இல், தமது நாற்பத்தாறாவது வயதளவில், இலண்டன் மான்செஸ்ரர் வீதியில் பயிற்சிக்கூடத்தை ஆரம்பித்தார். அவரிடம் பயின்ற லிடியா பாக் 1971இல் இம்முறையை நியூயோர்க்கிற்குக் கொண்டு சென்றார். லொட்டே பேர்க் 2003இல் தமது தொண்ணூறாவது வயதில் காலமானார். அவரது முறையிலிருந்து கிளைத்த பயிற்சிக்கூடங்கள் இன்று பல நாடுகளில் இயங்குகின்றன.

வகுப்பில் நிகழ்வது என்ன? குதிகாலை உயர்த்தி, முழங்காலைச் சற்று மடித்து, தொடைத் தசையை இறுக்கியபடி நிற்க வேண்டும். அந்நிலையிலேயே ஓர் அங்குல அளவு மேலும் கீழுமாக அசைய வேண்டும். ஓட்டமோ பாய்ச்சலோ கிடையாது; கையிலெடுக்கும் பாரமும் ஓரிரு கிலோகிராமுக்கு மேற்படுவது அரிது. பார்ப்பவருக்கு இது இலகுவாகவே தோன்றும். ஆயினும் சில நிமிடங்களில் கால்கள் நடுங்கத் தொடங்கிவிடும். ஒரே தசையை இடைவிடாது இறுக்கி வைத்திருப்பதால் வரும் களைப்பின் அடையாளமே அந்நடுக்கம். குதித்து ஓடும் பயிற்சிகளைப் போல மூட்டுகளில் அதிர்ச்சி ஏற்படாததால் இதனை 'மென்மையான பயிற்சி' என்கின்றனர். மூட்டைப் பொறுத்தவரை இது பெரிதும் உண்மை. தசையைப் பொறுத்தவரை அவ்வாறு கூற முடியாது.

பயிற்சியின்போது தசை வலுப்பெறுவதில்லை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பயிற்சி தசையைக் களைப்படையச் செய்கின்றது. பழக்கமில்லாத பயிற்சியாயின் தசை நார்களில் நுண்ணிய சிதைவுகளும் உண்டாகின்றன. அதனைத் தொடரும் 24 முதல் 48 மணித்தியாலங்களில் உடல் புதிய புரதத்தைச் சேர்த்துத் தசையைச் செப்பனிடுகின்றது. நாம் விரும்பும் பலன் அப்போதுதான் கிட்டுகின்றது. மறுநாள் தொடங்கும் வலி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சமடைந்து பின் தணியும். இவ்வலிக்கு லக்ரிக் அமிலம் தேங்குவதே காரணம் என்று பலர் இன்றும் நம்புகின்றனர். அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்திலேயே இரத்தத்திலிருந்து அகன்றுவிடும். தசைநாண்களும் எலும்புகளும் தசையை விட மெதுவாகவே பழக்கப்படுபவை என்பதும் கவனிக்கத்தக்கது. குதிகாலை உயர்த்தி நிற்பதை நாள்தோறும் செய்வோருக்குக் குதிகால் நாணிலும் பாதத்தின் அடியிலும் நோவு வருவதற்கு இதுவே காரணம்.

ஆகவே எனது கணக்கு இதுதான். புதிதாகத் தொடங்குபவர் முதல் மாதத்தில் வாரத்திற்கு இரண்டு வகுப்புகளுடன் நிறுத்திக்கொள்ளட்டும்; திங்கள், வியாழன் என்று வைத்துக்கொள்ளலாம். உடல் பழகிய பின் ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று வகுப்புகள். பெரும்பாலானோருக்கு அதற்கு மேல் தேவையில்லை. நீண்டகாலப் பழக்கமுடையோர் நான்கு நாட்கள் செல்லலாம். எவராயினும் வாரத்தில் ஒருநாளாவது முழு ஓய்வு எடுத்தாக வேண்டும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதற்கு முரணானதன்று. வயது வந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், முக்கிய தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியைக் குறைந்தது இரண்டு நாட்கள் செய்ய வேண்டும் என்றும் அது கூறுகின்றது. 'பார்' வகுப்பு பிரதானமாக இரண்டாவது தேவையையே நிறைவேற்றுகின்றது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேகநடை போன்றதொன்று தனியாக வேண்டும். வகுப்பில்லாத நாட்களில் அரை மணித்தியாலம் நடந்தால் அக்குறை நீங்கும்.

ஓய்வு என்றதும் சாய்கதிரையில் நாட்கணக்கில் கிடப்பதை நான் நியாயப்படுத்துவதாக எவரும் எண்ண வேண்டாம். நீரிழிவு நம்மவர் மத்தியில் மலிந்துள்ள நோய். உடற்பயிற்சியால் இன்சுலினின் செயற்றிறன் மேம்படுவது ஒன்றிரண்டு நாட்களுக்கே நீடிக்கும். ஆதலால் நீரிழிவு உள்ளோர் தொடர்ச்சியாக இரண்டு நாட்களுக்கு மேல் உடலுழைப்பின்றி இருத்தலாகாது என்பது வைத்திய உலகின் பொதுவான ஆலோசனை. இன்சுலின் போடுவோரும் சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளை எடுப்போரும் வெறுவயிற்றில் வகுப்புக்குச் செல்வது ஆபத்தானது. இரத்த அழுத்தம் உள்ளோர் தசையை இறுக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது.

"பலே நடனக்காரர் நாள்தோறும் கைபிடியைப் பற்றிப் பயில்கின்றார்களே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அவர்களுக்குக் கைபிடிப் பயிற்சி நாளின் தொடக்கத்தில் உடலைச் சூடாக்கும் ஆயத்தம். களைத்து நடுங்கும்வரை செய்யும் வேலையன்று. சிறுவயதிலிருந்தே படிப்படியாகப் பழக்கப்பட்ட உடல்கள் அவை. பெரிய நடனக் குழுக்களில் இயன்மருத்துவர்களும் அருகிலிருப்பர். அவ்வாறிருந்தும் பலே நடனக்காரரிடையே எலும்பு வெடிப்புகள் நன்கறியப்பட்ட பிரச்சினையாகவே உள்ளன. உழைப்புக்கேற்ற உணவின்மையால் மாதவிடாய் நின்று எலும்பு நலிவது பெண் விளையாட்டு வீராங்கனைகளிடமும் நடனப் பெண்களிடமும் காணப்படுவதே. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிபுணர்கள் இதற்கு விரிவான பெயரொன்றைச் சூட்டி, ஆண்களையும் அது பாதிக்கும் என எச்சரித்தனர்.

இங்கு பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பரதநாட்டியத்தின் அரைமண்டியும் இப்பயிற்சியின் முழங்கால் மடிப்பும் நெருங்கிய உறவினர். வேலை வாங்குவது அதே தொடையிடமும் அதே முழங்காலிடமும்தான். சனிக்கிழமை நடன வகுப்பில் இரண்டு மணித்தியாலம் அரைமண்டியில் நின்ற மகளை ஞாயிறு காலை தாயார் தம்முடன் 'பார்' வகுப்புக்கு அழைத்துச் சென்றால், அப்பிள்ளைக்கு அது ஓய்வுநாளாகாது. அரங்கேற்றம் நெருங்கும் மாதங்களில் இதனைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

உடல் தரும் எச்சரிக்கைகள் தெளிவானவை. மூன்று நாட்கள் கடந்தும் தணியாத வலி, மூட்டில் குத்தும் நோவு, காலையில் எழும்போதே வழமையை விட வேகமான நாடித்துடிப்பு, களைத்திருந்தும் வராத நித்திரை ஆகியன ஓய்வு போதாமையின் அறிகுறிகள். மாதவிடாய் மூன்று மாதங்கள் வராவிடின் வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். கடும் பயிற்சிக்குப் பின் தசை வீங்கி, சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் வெளியேறினால் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தசைச் சிதைவினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். முதல் வகுப்பிலேயே தம் எல்லையை மீற முயலும் புதியவர்களுக்கு இது நேர்வதுண்டு.

இவ்வளவும் தெரிந்த பின்னரும் பலர் வாரத்தில் ஆறு நாட்கள் செல்வது ஏன்? சந்தா முறை அதற்கு ஒரு காரணம் என்பேன். மாதமொன்றுக்கு ஒரே கட்டணம், விரும்பிய அளவு வகுப்புகள் என்பது பல உடற்பயிற்சிக்கூடங்களின் வியாபாரமுறை. ஒரு நாள் போகாவிட்டால் காசு வீணாகிறதே என்ற மனக்குறையை அது உண்டாக்குகின்றது. சிக்கனத்தில் ஊறிய நம் சமூகத்தில் அக்குறை இன்னும் கூர்மையாகவே குத்தும். வகுப்புக் கணக்கில் சீட்டு வாங்கும் வசதியிருந்தால் அதனையே தெரிவுசெய்யுங்கள். அப்போது உங்கள் ஓய்வுநாளுக்கு எவரும் விலைபேச முடியாது.

மற்றக் காரணம் நம் வீடுகளுக்குள் இருக்கின்றது. புலம்பெயர் நாடுகளில் வாழும் நம் பெண்களுள் பலர் சுப்பர்மார்க்கட்டிலோ முதியோர் இல்லத்திலோ எட்டு மணித்தியாலம் நின்று வேலைசெய்துவிட்டு, வீடு வந்து சமையலையும் பிள்ளைகளின் பாடங்களையும் கவனிப்பவர்கள். அத்தகைய ஒருவர் வகுப்புக்குச் செல்லும் 50 நிமிடங்களே நாளில் அவருக்கென்று எஞ்சியிருக்கும் பொழுது. அதை விட்டால் அந்த நேரமும் வீட்டு வேலைக்கே போய்விடும் என்பதை அவர் அறிவார். நாள்தோறும் வகுப்புக்கு ஓடுபவரை வெறுமனே உடலழகு மோகம் பிடித்தவர் என்று பரிகசிக்கும் ஆண்கள் இதனைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

வகுப்பில்லாத நாளில் ஆறு பேருக்குச் சமைத்து, துணி துவைத்து, நள்ளிரவில் படுக்கும் பெண்ணுக்கு நான் மேலே எழுதிய அட்டவணையால் எப்பயனும் இல்லை. வயது வந்த எவருக்கும் இரவில் ஏழு மணித்தியால நித்திரையாவது வேண்டும். தசை செப்பனாவதற்கு அதைவிட நல்ல மருந்தில்லை. அதனை எந்தப் பயிற்சிக்கூடத்தாலும் வழங்க முடியாது. வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, நான்கு நாள் இடைவெளி என்று ஒரு பெண் முடிவுசெய்தால், அந்நான்கு நாட்களில் இரண்டு நாளாவது இரவுச் சமையலைக் கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் பொறுப்பேற்கட்டும்.