சேறு படாத போதனை

விவசாயப் போதனாசிரியர் என்ற பதவிப் பெயரில் இரண்டு தொழில்கள் அடங்கியுள்ளன: பயிரிடுதல், கற்பித்தல். நம் நாட்டிலோ இரண்டாவதற்கே சம்பளம். சொந்தமாகத் தோட்டம் செய்யாத ஒருவர் கூறும் பசளை அளவை, கடன்பட்டு விதைத்த விவசாயி எங்ஙனம் நம்புவார்?

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரேயடியாகத் தடை செய்தது. சேதனப் பசளை தயாரிக்கவோ, மண்ணைப் படிப்படியாகப் பழக்கவோ அவகாசம் தரப்படவில்லை. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது காலம் கடந்திருந்தது. 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் வீழ்ந்தது. சேதன விவசாயம் தவறன்று. கற்பிக்காமல் கட்டளையிட்டதே தவறு.

அரை ஏக்கரில் தாமே பயிரிட்டு, தோற்றும் வென்றும் காட்டுபவரே அதைக் கற்பிக்க வல்லவர். ஆகவே, போதனாசிரியரின் பதவி உயர்வுக்குப் பட்டத்தோடு அவர் செய்த பயிரையும் கணக்கிலெடுக்க வேண்டும்.