வெற்றறைக்குச் சாட்சி வேண்டும்

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் விளையாட்டை நினைப்பவர் எம்மிடையே மிகச் சிலரே. 1983 தொடக்கம் 2009 வரை போரின் நடுவே வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு அது இயல்பானதே. அவ்வாறிருக்க, குறிபார்த்துச் சுடும் போட்டிகளிற் பயன்படும் ஒரு சிறு பிளாத்திக்குத் துண்டினைப் பற்றி இம்மலரில் எழுதப் புகுவது பொருத்தமோ என நண்பர் சிலர் வினவினர். பொருத்தமே என்பது எனது துணிபு. துப்பாக்கியை ஏந்தியவனுக்கும் அதன் முன்னே நிற்பவனுக்கும் இடையிலுள்ள உறவை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்ற வினா அத்துண்டினுள் அடங்கியுள்ளது. அவ்வினாவுக்கு நாம் அந்நியரல்லர்.

முதலில் அப்பொருள் யாதெனக் காண்போம். றைபிள் ஒன்றின் குழலின் பின்முனையில், சுடப்படவேண்டிய ரவை சென்று அமரும் இடமே ரவையறை எனப்படும். அவ்வறையைப் பின்னாலிருந்து அடைத்து இறுக்கும் உருக்குத் தண்டினைப் போல்ற் என்பர். போல்ற்றைப் பின்னிழுத்து, வெறுமையாயுள்ள ரவையறையினுள் ஒரு முனை புகுமாறும், செம்மஞ்சள் போன்ற பளிச்சிடும் நிறமுடைய மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்குமாறும் செருகப்படும் துண்டே வெற்றறை காட்டி. பாதுகாப்புக் கொடி என்றும் இதனை அழைப்பர். அது உள்ளே இருக்கும்வரை போல்ற் மூடாது; போல்ற் மூடாதவரை துப்பாக்கி சுடாது. 10 மீற்றர் போட்டிகளிற் பயன்படும் 4.5 மில்லிமீற்றர் காற்றுத் துப்பாக்கிகளுக்கு இதனினும் கண்டிப்பான முறை உண்டு. அவற்றின் குழல் முழுவதையும் ஊடுருவி இருபுறமும் தெரியுமாறு நிறமூட்டிய கயிறொன்று செலுத்தப்படல் வேண்டும். கயிறு இருமுனையிலும் தெரியின் குழலினுள் வேறெதுவும் இல்லை என்பது கண்கூடு.

1907இல் தோன்றிய சர்வதேசச் சுடுதல் விளையாட்டுச் சம்மேளனத்தின் இன்றைய விதிகள் இக்கொடியைக் கட்டாயமாக்கியுள்ளன. அகற்றுவதற்கு அனுமதி வழங்கப்படும் வேளை தவிர, ஏனைய வேளைகளில் அது துப்பாக்கியினுள் இருத்தல் வேண்டும். தவறுபவருக்கு எச்சரிக்கை, எச்சரித்த பின்னரும் மறுப்பவருக்குப் போட்டியிலிருந்து நீக்கம். 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் எமது நாட்டிலிருந்து சென்று காற்றுத் துப்பாக்கிப் போட்டியிற் பங்குபற்றிய வீராங்கனையும், அதே அரங்கிற் பதக்கம் வென்றவரும் இவ்விதியின் முன் சமமானவர்களே. ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையிலுள்ள காம்ப் பெரியில் 1907இல் முதன்முதல் நடைபெற்ற தேசிய றைபிள் போட்டிகள் இன்றும் புகழ்பெற்றவை. அங்கும் வெற்றறை காட்டி இன்றி எவரும் தமது துப்பாக்கியைச் சுடுதளத்திற் கொண்டு திரிய இயலாது.

இவ்வளவு எளிய ஒரு பொருளுக்கும் எதிர்ப்பு உண்டு என்பதே வியப்புக்குரியது. எதிர்ப்போர் பெரும்பாலும் புதியவரல்லர். நீண்டகால அனுபவம் வாய்ந்தோரே. அவர்தம் வாதங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

“முப்பது ஆண்டுகள் துப்பாக்கி பழகிய எனக்குச் சிறுவருக்குரிய கொடி எதற்கு? இது எனது திறமைக்கு இழுக்கு” என்பது முதலாவது வாதம். திறமையும் அவதானமும் ஒன்றே என்ற மயக்கத்திலிருந்து பிறந்த வாதம் இது. தானே ரவையேற்றும் துப்பாக்கி ஒன்றினை வெறுமையாக்குவதற்கு முதலில் ரவைக்கூட்டைக் கழற்றுதல் வேண்டும். அதன்பின்னரே போல்ற்றை இழுத்து அறையிலுள்ள ரவையை வெளியேற்றுதல் வேண்டும். இவ்விரு செயல்களும் முன்பின்னாக மாறிவிட்டால் நிகழ்வது என்ன? போல்ற்றை இழுத்ததும் ஒரு ரவை வெளியே விழுகின்றது. போல்ற் முன்னோக்கி மீளும்போது ரவைக்கூட்டிலிருந்து அடுத்த ரவை அறையினுள் ஏறிவிடுகின்றது. அதன்பின் ரவைக்கூடு கழற்றப்படுகின்றது. இரு செயல்களையும் செய்துமுடித்தவன் துப்பாக்கி வெறுமையானது என மனமார நம்புகின்றான். அவன் பொய்யனல்லன், எனினும் அவன் கையிலிருப்பது சுடுவதற்கு ஆயத்தமான ஆயுதம். இத்தவறு அறியாமையால் மட்டும் நேர்வதன்று. பழக்கம் முதிர முதிரக் கைகள் தாமாகவே இயங்கத் தொடங்கும். மனம் வேறிடத்தில் நிற்கும். முழந்தாளிட்டும் படுத்தும் நின்றும் அறுபது சூடுகளைச் சுட்டு முடித்த ஒருவனின் மனம், போட்டி முடிந்த கணத்தில், தனது புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்குமேயன்றி ரவையறையை எண்ணிக்கொண்டிராது. எனவே தேர்ந்தவனுக்கே இக்கொடி மிகத் தேவைப்படுகின்றது எனலாம்.

“போல்ற் திறந்திருந்தாற் போதாதா?” என்பது இரண்டாவது வாதம். திறந்திருப்பது யாருக்குத் தெரியும்? வரிசையாகப் படுத்திருக்கும் போட்டியாளரின் பின்னே நடந்துசெல்லும் தள அதிகாரி, கறுத்த துப்பாக்கியில் உள்ள கறுத்த போல்ற் திறந்துள்ளதா மூடியுள்ளதா என்பதைப் பல அடி தூரத்திலிருந்து எங்ஙனம் காண்பார்? ஒருவர் வலப்பக்கம் திறக்கும் துப்பாக்கியையும் மற்றொருவர் இடப்பக்கம் திறக்கும் துப்பாக்கியையும் வைத்திருப்பர். பளிச்சிடும் கொடியோ எப்பக்கம் இருப்பினும் கண்ணில் படும். மேலும், திறந்த போல்ற் ஒரு நிலைமையை மட்டுமே காட்டுகின்றது. கொடியோ அந்நிலைமையைச் சோதிக்கவும் செய்கின்றது. அறையினுள் ரவை இருக்குமாயின் கொடி முழுமையாக உட்புகாது. ஆகவே கொடியைச் செருகும் செயலே ஒரு பரிசோதனையாகிவிடுகின்றது. மறதியுடையவனும் கொடியைச் செருக முனையும்போது தனது மறதியைக் கண்டுகொள்வான்.

மூன்றாவது வாதம் சற்றே நுட்பமானது. “கொடியை நம்பிப் பழகியவர் ஏனைய ஒழுக்கங்களைக் கைவிடுவர், குழலின் திசையைக் கவனியார், விசையில் விரல் வைப்பர்” என்பது அது. இதில் ஓரளவு உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். வெற்றறை காட்டி அறையைப் பற்றி மட்டுமே சாட்சி கூறும். அரைகுறையாகச் செருகிய கொடியும், அறையினுட் புகாது வெளியே தொங்கும் நூலும் சாட்சியாகா. ஆயினும், ஒரு காவல் மற்றொரு காவலைத் தளர்த்தக்கூடும் என்பதற்காக முதற்காவலை நீக்குவது அறிவுடைமையாகுமோ? எல்லாத் துப்பாக்கிகளையும் ரவையேற்றியவையாகவே கருதுக என்னும் பழைய விதியை இக்கொடி நீக்கிவிடவில்லை. கொடி செருகப்பட்ட துப்பாக்கியையும் எவர்மீதும் திருப்பலாகாது. இலக்குகளை நோக்கி மனிதர் சென்றுள்ள வேளையில் கொடியுள்ள துப்பாக்கியையும் தொடலாகாது. இவை யாவும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் வேலிகள். ஒரு வேலி வீழ்ந்தாலும் அடுத்தது காக்கும் என்பதே இவ்வேற்பாட்டின் உட்பொருள்.

இம்மூன்று வாதங்களுக்கும் அடியில் உறைந்துகிடப்பது ஒரே எண்ணம்: “எனது சொல்லை நம்பு.” இவ்வெண்ணத்தையே நாம் எதிர்க்கவேண்டியுள்ளது.

சொல்லை நம்பியதால் நேர்ந்த அழிவுக்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. அது போட்டிக் களத்தில் நிகழ்ந்ததன்று. எனினும் அதன் பாடம் இங்கும் பொருந்தும். 2021 ஒக்ரோபர் 21ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் ‘றஸ்ட்’ என்னும் திரைப்படத்திற்கான ஒத்திகையின்போது நடிகர் ஒருவரின் கையிலிருந்த சுழற்துப்பாக்கியிலிருந்து உண்மையான ரவை பாய்ந்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார், இயக்குநர் காயமுற்றார். அத்துப்பாக்கி ஆபத்தற்றது என உரத்த குரலில் அறிவிக்கப்பட்டிருந்ததாக விசாரணையில் வெளிவந்தது. அறிவித்தவர் கொலைஞரல்லர், கேட்டவர் அதனை ஐயுறவில்லை. படப்பிடிப்புக்குரிய சுழற்துப்பாக்கிக்கு இக்கொடி பொருந்துமென நான் கூறவரவில்லை. சொல் ஒருபோதும் சோதனைக்கு ஈடாகாது என்பதே ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இவ்வுண்மையை எமது நாட்டுப் புகையிரதச் சேவை நெடுங்காலமாக அறிந்துள்ளது. மலைநாட்டு ஒற்றைப் பாதையிற் பயணம் செய்தோர், புகையிரதச் சாரதி நிலையத்தில் வளையமொன்றைக் கைப்பற்றிச் செல்வதைக் கண்டிருப்பர். அவ்வளையத்தோடு இணைந்த பையினுள் உள்ள உலோக வில்லையே, அடுத்த நிலையம்வரை பாதை வெறுமையாக உள்ளது என்பதற்குச் சாட்சி. நிலைய அதிபரின் நேர்மையைச் சாரதி ஐயுறுவதில்லை. ஆயினும் வில்லை கைக்கு வராமல் வண்டியை நகர்த்துவதுமில்லை. வில்லையைக் கேட்பது அவமதிப்பு என எந்த நிலைய அதிபரும் கோபித்துக் கொண்டதில்லை. சுடுதளத்தில் மட்டும் இச்சிறு கேள்வி மானப் பிரச்சினையாவது ஏன்?

விடை வெளிப்படையானது. துப்பாக்கி அதிகாரத்தின் குறியீடாகப் பார்க்கப்படுகின்றது. அதனை ஏந்தியவன், பாதுகாப்பு என்பதனைத் தனது உள்ளத்தில் உள்ள ஒரு நற்குணமாகக் கருதிக்கொள்கின்றான். பிறர் அதனைச் சரிபார்க்க முனைவதை அத்துமீறலாகக் கொள்கின்றான். ஆனால் பாதுகாப்பு யாருக்குரியது? குழலின் பின்னால் நிற்பவனுக்கன்று. முன்னால் நிற்பவனுக்கே அது முதலில் உரியது. தன்முன் உள்ள ஆயுதம் வெறுமையானது என்பதைப் பிறர் கூறக் கேட்டு நம்பவேண்டியவனாக அன்றித் தன் கண்ணாற் கண்டறியும் உரிமை உடையவனாக அவன் ஆக்கப்படல் வேண்டும். வெற்றறை காட்டி செய்வது இதனையே. துப்பாக்கி ஏந்தாதவனின் கையில் அது ஒரு சிறு உரிமையை வைக்கின்றது.

காம்ப் பெரியின் மரபுவழிப் போட்டிகளில் 200, 300, 600 யார் தூரங்களிலிருந்து சுடுவர். அங்கு போட்டியாளர் தாமே முறைவைத்து இலக்குக் குழிகளுக்குச் சென்று, மண்மேட்டின் மறைவில் நின்று, பிறர் சுடும் இலக்குகளை ஏற்றி இறக்குவர். காலையிற் சுட்டவன் சற்று நேரத்தில் இலக்கின் அடியில் நிற்பான். கொடி தனக்கு இழுக்கு எனக் கருதுபவன், இலக்குக் குழியை நோக்கி நடக்கும்போது திரும்பிப் பார்த்து, பின்னேயுள்ள துப்பாக்கிகளிற் கொடிகள் நிற்கின்றனவா எனத் தேடமாட்டானா?

இறுதியாக, இவ்விதி பெருவிழாக்களுக்கு மட்டும் உரியது, சிறு தளங்களுக்கும் பயிற்சிகளுக்கும் நல்லெண்ணமே போதும் என்போருக்கு ஒரு சொல். இலத்திரனியல் இலக்குகள் பொருத்திய பெரிய அரங்கில், சுடும் இடத்திலேயே திரையிற் புள்ளிகள் தெரிகின்றன; முன்னே நடந்துசெல்ல வேண்டிய தேவை அரிது. கடதாசி இலக்குகளைக் கையால் மாற்றும் சிறு தளத்திலேயே மனிதர் மீண்டும் மீண்டும் துப்பாக்கிகளின் முன்னே நடக்கின்றனர். கற்கும் இளைஞரும் அங்கேயே உள்ளனர். ஆகவே காவல் குறையக்கூடாத இடம் அதுவே. செலவு ஒரு தடையன்று. ஒரு சாண் பிளாத்திக்கும் ஒரு முழக் கயிறும் வாங்க இயலாத கழகம் துப்பாக்கி வாங்கியிருக்க முடியாது.

ஆயுதம் ஏந்தியவர்களின் சொல்லை நம்பி வாழுமாறு பணிக்கப்பட்ட காலத்தை எமது பெற்றோர் கண்டுள்ளனர். விளையாட்டுக் களத்திலாவது அந்நிலை வேண்டா. “என் துப்பாக்கி வெறுமையானது” என ஒருவர் கூறின், அவர் எத்துணைப் பெரிய வீரராயினும், நாம் பணிவுடன் ஒன்றே கேட்போம்: “நல்லது ஐயா, கொடி எங்கே?”