காடிக்கு அடியில் நாம் குனிந்து பார்க்கவில்லை

2020 நவம்பரில் செபராங் பிறையில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றிருந்த காடிக்குள் நான்கு இளம்பெண்கள் அசைவற்றுக் கிடந்தார்கள். மூவரின் உயிர் போய்விட்டிருந்தது. ஒருவரை மட்டுமே உயிரோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடிந்தது. காரணம் கார்பன் மோனாக்சைடு.

சுங்கை பட்டாணியிலிருந்து அந்த இடம் ஒரு மணி நேர ஓட்டம்கூட இல்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும்போதும், பட்டர்வொர்த்தில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும்போதும் நாம் புழங்கும் வட்டாரம்தான். செய்தி வந்ததும் பதறினோம். "ஏர்கோன் போட்டுக்கிட்டுக் காடியில படுக்காதீங்க" என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம், வாட்ஸ்ஆப்பில் அனுப்பினோம். அதோடு முடித்துக்கொண்டோம். தூங்கியதுதான் தவறு என்று முடிவுகட்டுவது நமக்கு வசதியாக இருந்தது. தூங்காமல் இருக்கக் காசு செலவில்லை. எக்சோஸைக் கழற்றிப் பார்க்கத்தான் செலவு. நச்சுக்காற்று எந்த வழியாகக் காடிக்குள் நுழைகிறது, நம் காடியிலும் அந்த வழி திறந்திருக்கிறதா என்ற கேள்வியை நாம் கேட்கவே இல்லை.

நாம் என்று சொல்வது பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம், கோல கெட்டில், பாலிங் என்று கெடாவின் தோட்டங்களிலும் தோட்டத்தை விட்டு வந்த தாமான்களிலும் வாழும் நம் எல்லாரையும்தான். கருவியைப் பேணத் தெரியாத கூட்டம் அல்ல நாம். பால்வெட்டுக்குப் போன நம் பெற்றோர் உளியைத் தீட்டாமல் மரத்தில் கை வைத்ததில்லை. மழுங்கிய உளி பட்டையைத் தாண்டி மரத்தைக் காயப்படுத்தும். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் அங்கே வெட்ட முடியாது. கங்காணி நிரை நிரையாக வந்து வெட்டைப் பார்ப்பார். அந்தப் பயமும் இருந்தது, மரத்தின் மேல் அக்கறையும் இருந்தது. சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போடாமல் ஞாயிற்றுக்கிழமை கழியாத வீடுகள் லயத்தில் நிறைய.

பிறகு காடி வந்தது. 1985இல் புரோட்டோன் சாகா, 1994இல் கஞ்சில். தோட்டத்திலிருந்து பேருந்துச் சாலைக்கே பல மைல் என்ற நிலையில் காடி நமக்கு ஆடம்பரமாக வரவில்லை. பிள்ளையைப் பள்ளியில் விட, கூலிம் தொழிற்பேட்டையில் ஷிப்டுக்குப் போக, நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோக அதுதான் கதி. இத்தனையும் அதை நம்பி இருந்தும், உளிக்குக் காட்டிய கவனத்தில் கால்வாசியை அதற்குக் காட்டவில்லை. "ஓடுதுலா, அடுத்த மாசம் பாக்கலாம்" என்பதே நம் பராமரிப்புக் கொள்கை ஆனது. நின்றுபோனால் பழுது, ஓடினால் நல்ல காடி.

எக்சோஸ் இந்தக் கணக்கில் அகப்படாது. அதில் ஓட்டை விழுந்தாலும் காடி ஓடும். பிரேக் கெட்டால் காலுக்குத் தெரியும், பேட்டரி போனால் காலையிலேயே தெரியும். எக்சோஸ் ஓட்டைக்கு முதலில் சத்தம் மட்டும்தான் கூடும். ஒரு வாரத்தில் அந்தச் சத்தம் காதுக்குப் பழகிவிடும். பழகியதும் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறோம்.

எக்சோஸ் எப்படி அரிபடுகிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நாமும் கேட்கவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. தூர ஓட்டத்தில் குழாய் நன்றாகச் சூடேறி அது ஆவியாக வெளியேறிவிடும். தோட்டத்திலிருந்து பள்ளிக்கு, அங்கிருந்து மளிகைக்கடைக்கு, திரும்ப வீட்டுக்கு என்று குட்டிக் குட்டி ஓட்டமாக ஓடும் காடியில் சைலன்சர் சூடேறுவதற்குள் இயந்திரத்தை நிறுத்திவிடுகிறோம். அமிலம் கலந்த அந்தத் தண்ணீர் உள்ளேயே தேங்கி உள்ளிருந்தே தின்கிறது. வெளியே பார்த்தால் குழாய் முழுசாக இருக்கும், தட்டினால் பொத்தல் விழும். இதற்கு மேல் நம் செம்மண் சாலைகள். ஆறு பேரை ஏற்றிக்கொண்டு குழியில் இறங்கும்போது முதலில் அடிவாங்குவது இயந்திரத்துக்குப் பின்னால் உள்ள பின்னல் குழாய். 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங் வட்டாரத்துக் கூப்பாங்கில் வெள்ளம் வந்தது போன்ற நாட்களில் மூழ்கிய காடிகளை நாம் எப்படிக் கழுவுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். சீட்டைக் கழற்றிக் காய வைக்கிறோம், இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றுகிறோம். அடித்தட்டிலும் வெப்பத் தகடுகளுக்குள்ளும் அப்பிய சேறு அப்படியே ஈரம் காத்துத் துருவை வளர்க்கிறது.

கசியும் புகை முன்பக்கம் இருந்தால் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுவழியாக உள்ளே வரும். அடியில் இருந்தால் தரையில் ரப்பர் மூடி கழன்ற துளைகள் வழியாக வரும். பின்னால் இருந்தால் இற்றுப்போன பின்கதவு ரப்பர் வழியாக வரும். வாழைத்தார், பந்தல் சாமான் என்று எதையாவது ஏற்றிப் பின்கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டுகிறோமே, அப்போது ஓட்டைகூடத் தேவையில்லை. ஓடும் காடியின் பின்புறம் காற்றழுத்தம் குறைவு. வெளியேறிய புகையையே அது உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், உடம்புக்குள் ஆக்சிஜன் போகாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு தூக்கம். வயிற்றில் இருக்கும் சிசுவின் ரத்தம் அதைத் தாயின் ரத்தத்தைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், மெதுவாகத்தான் விடும்.

பின்சீட்டில் பிள்ளை தலை வலிக்கிறது, வாந்தி வருகிறது என்று சொன்னபோதெல்லாம் நாம் என்ன செய்தோம்? கோடாலித் தைலம் தடவினோம். எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கச் சொன்னோம். "இவளுக்குக் காடியே ஒத்துக்காது" என்று உறவினரிடம் சிரித்துக்கொண்டு சொன்னோம். பெரும்பாலும் அது வெறும் பயண மயக்கமாகவே இருந்திருக்கலாம். ஆனால் இறங்கி வெளிக்காற்றில் நின்றதும் தெளிகிறாளா, அந்தக் காடியில் மட்டும்தான் வருகிறதா, முன்னால் இருப்பவர்களுக்கும் தலை கனக்கிறதா என்று ஒரு தடவையாவது கேட்டோமா? பேசத் தெரிந்த பிள்ளை சொல்லிவிட்டாள். நாம் குறையை அவள் உடம்பில் வைத்தோம், காடியில் வைக்கவில்லை.

சட்டம் நம்மைக் கேட்கவில்லை என்பது உண்மை. 1994 முதல் புஸ்பாகோம் லாரி, பேருந்து, டாக்சிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்து வந்தது. சொந்தக் காடிக்கு அப்படி ஆண்டுச் சோதனை கிடையாது. பெயர் மாற்றும்போது ஒரு சோதனை, அவ்வளவுதான். காப்புறுதி கட்டினால் ரோடு டெக்ஸ் கிடைத்துவிடும். இருபது வருஷம் ஒரே குடும்பத்தில் இருக்கும் சாகாவை அதிகாரி யாரும் அடியில் புகுந்து பார்த்திருக்கமாட்டார். சிங்கப்பூரில் மூன்று ஆண்டு கடந்த காடிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் பத்து ஆண்டு கடந்ததற்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. தமிழ்நாட்டில் புகைச் சான்றிதழ் வேண்டும், இலங்கையிலும் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை.

இங்கேயும் 2009 அக்டோபரில் ஓர் அறிவிப்பு வந்தது. தேசிய வாகனக் கொள்கையில், பதினைந்து ஆண்டு தாண்டிய காடிகள் சோதனையில் தேறினால்தான் ரோடு டெக்ஸ் என்றார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு. அடுத்த மாதமே கைவிட்டார்கள். நாமும் எதிர்த்தோம், நம் எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. பழைய காடி வைத்திருப்பவன் ஆசைக்கு வைத்திருக்கவில்லை. தோட்டத்துச் சம்பளத்தில் புதுக்காடிக்குத் தவணை கட்ட முடியாது. சோதனை என்ற பெயரில் காடியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தோம். அந்தப் பயத்தை இன்றும் நான் மதிக்கிறேன். மதிக்க முடியாதது, அறிவிப்பு திரும்பப் பெறப்பட்ட மறுநாளிலிருந்து நாம் காட்டிய நிம்மதி. அரசாங்கம் பார்க்க வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றல்லவா அடுத்த சொல் வந்திருக்க வேண்டும்? அந்தச் சொல் எந்தச் சங்கத்திலிருந்தும் வரவில்லை.

நம்மிடம் சங்கங்களுக்குக் குறைவில்லை. கெடாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கம். கோயில் நிர்வாகங்கள், மணிமன்றங்கள். தன்முனைப்புப் பேச்சு நடத்தினோம், தேர்வுப் பட்டறை நடத்தினோம், ரத்த தானம் நடத்தினோம். பள்ளி வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு வந்து நிற்கும் பழைய காடிகளை நாள்தோறும் பார்த்தோம். அவற்றின் குழாயைப் பற்றி ஒரு கூட்டத்திலும் பேசவில்லை. பத்திரிகைகளில் எழுதும் நாமும் விபத்து நடந்த மறுநாள் மட்டும் எழுதினோம்.

ஆயுத பூசை நாளில் கோயில் வாசலில் நம் காடிகள் வரிசையில் நிற்கின்றன. சந்தனம், குங்குமம், மாலை, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். இந்தப் பக்தி பொய்யில்லை. காடியால் யாருக்கும் தீங்கு வரக்கூடாது என்றுதான் மனமார வேண்டுகிறோம். ஆனால் கருவியைக் கழற்றிச் சுத்தம் செய்து, துரு நீக்கி, எண்ணெய் இட்டு, அதற்குப் பிறகு அதன்முன் கை கூப்புவதுதான் அந்த நாளின் முறை. நாம் முதல் பாதியை விட்டுவிட்டோம். மேலே பொட்டு வைத்தோம், கீழே பார்க்கவில்லை.

போமன்கள்மீது பழி போடுவது எளிது. பட்டறையில் நிற்பவர்களில் பலர் நம் வீட்டுப் பையன்கள்தான். "எக்சோஸ் போயிருச்சுண்ணே, மாத்தணும்" என்று அவன் சொல்கிறான். "அதெல்லாம் அப்புறம், எண்ணெய் மட்டும் மாத்து" என்கிறோம். வற்புறுத்தினால் ஏமாற்றுகிறான் என்று சந்தேகப்படுகிறோம். வேறு வழியில்லாமல் பொத்தலின் மேல் தகட்டை வைத்து வெல்டிங் போட்டுத் தருகிறான். சுற்றிலும் இற்றுப்போன குழாயில் அந்த ஒட்டு எத்தனை நாள் நிற்கும் என்பது அவனுக்கும் தெரியும். பையன்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சத்தத்துக்காகக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போடுவதும், அதற்குள் இருக்கும் பிளாட்டினத்துக்காக விற்றுவிடுவதும் நம் பட்டறைகளில் நடக்கின்றன. சூடேறிய கன்வெர்ட்டர் கார்பன் மோனாக்சைடில் பத்தில் ஒன்பது பங்கை எரித்துவிடும். அதை எடுத்துவிட்டால் சிறு கசிவும் பெரும் நஞ்சாகும். அழுக்கேறிய காற்று வடிகட்டி, தேய்ந்த பிளக் இவையும் அந்த நஞ்சைக் கூட்டுபவைதான். சர்வீஸைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் இந்தக் கணக்கில் சேரும்.

அவசரத்துக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். காடிக்குள் ஒருவர் மயங்கிக் கிடந்தால் கதவுகளைத் திறந்து, இயந்திரத்தை நிறுத்தி, ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்துவிட்டு 999ஐ அழைக்க வேண்டும். மருத்துவமனையில் "காடிப் புகையா இருக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விரலில் மாட்டும் கருவி இந்த நஞ்சையும் ஆக்சிஜன் என்றே காட்டும், எண் நன்றாகவே இருக்கும். தனியே ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். சாதாரணக் காற்றில் இந்த நஞ்சு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும்.

கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு ஆயுத பூசைக்கு முந்திய ஞாயிறு, ஊரில் உள்ள நான்கு போமன்களை அழையுங்கள். ஒரு பட்டறையின் ஹோய்ஸ்டை அரை நாளைக்குக் கேட்டு வாங்குங்கள். வரும் காடிகளின் குழாயை இலவசமாகப் பார்த்துச் சொல்லுங்கள். மாற்ற வசதி இல்லாத குடும்பத்துக்கு அன்னதானக் கணக்கிலிருந்து ஒரு பங்கை ஒதுக்குங்கள். இதுவும் அன்னதானத்துக்குக் குறைந்த புண்ணியம் அல்ல.

அதுவரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே உங்கள் காடியை ஹோய்ஸ்டில் ஏற்றச் சொல்லுங்கள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசி பார்க்காமல், போமனோடு நீங்களும் அடியில் நின்று, இயந்திரத்திலிருந்து வால்முனை வரை குழாய் முழுவதையும் உங்கள் கண்ணால் பாருங்கள்.