வோல்ட் கூடினால் வண்டி சிறந்ததா?

குழந்தைகள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி கார், பைக் வாங்கச் செல்பவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இது எத்தனை வோல்ட்?" என்பதுதான். 6 வோல்ட்டை விட 12 நல்லது, 12-ஐ விட 24 நல்லது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்த்துக் கம்ப்யூட்டர் வாங்குவது போன்றதுதான் இதுவும். பெரிய எண்ணைத் தேடாமல், நம் குழந்தைக்கும் வண்டி ஓடப்போகும் தரைக்கும் பொருந்தும் எண்ணைத் தேட வேண்டும் என்பது என் கருத்து.

வோல்ட் முக்கியமாக வேகத்தைத் தீர்மானிக்கிறது. 6 வோல்ட் வண்டி பெரும்பாலும் மணிக்கு 3 அல்லது 4 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நாம் நடக்கும் வேகத்தில் செல்லும். வீட்டுக் கூடத்திலும் சிமெண்ட் முற்றத்திலும் ஓட்டும் 2, 3 வயதுக் குழந்தைக்கு இது போதும். மண் தரை, புல்தரை, சிறு மேடு என்றால் 12 வோல்ட் தேவைப்படும். 24 வோல்ட் வண்டி, பரந்த இடமும் ஓட்டிய பழக்கமும் உள்ள பெரிய குழந்தைகளுக்கு மட்டும்தான்.

வண்டி எவ்வளவு நேரம் ஓடும் என்று அறிய, பேட்டரி மேல் உள்ள 'ஆம்பியர் ஹவர்' எண்ணையும் பாருங்கள். இரண்டு எண்களையும் பெருக்கினால் சேமிப்பு எவ்வளவு என்பது தெரியும். 6 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர் என்றால் 24 வாட் ஹவர். 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் என்றால் 84 வாட் ஹவர்.

இந்த 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரிதான் பல வீட்டு யு.பி.எஸ். பெட்டிகளிலும் இருக்கிறது. எனவே, "யு.பி.எஸ். பேட்டரியை 6 வோல்ட் காரில் மாட்டினால் வேகமாக ஓடுமே?" என்று என்னிடம் சிலர் கேட்பதுண்டு. ஓடும். ஆனால் மாட்டாதீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். சக்கரம் எதிலாவது சிக்கி மோட்டார் நின்றால், இரு மடங்கு மின்சாரம் பாய்ந்து வயர் நான்கு மடங்கு சூடாகும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரங்களும் அதைத் தாங்காது.

இது வீண் பயமல்ல. 1998 அக்டோபரில் அமெரிக்காவில், மின் பாகங்கள் சூடாகித் தீப்பிடிக்கலாம் என்பதால், ஃபிஷர் பிரைஸ் நிறுவனம் ஒரு கோடி வரையிலான 'பவர் வீல்ஸ்' வண்டிகளைச் சரிசெய்து தருவதாக அறிவித்தது.

ஆகவே, பேட்டரி மாற்றும்போது பழையதில் உள்ள அதே வோல்ட்டையே வாங்குங்கள். அந்த வோல்ட்டுக்கு உரிய சார்ஜரையே பயன்படுத்துங்கள். ஃபியூஸ் போனால் அதன் இடத்தில் வெறும் கம்பியைச் சுற்றாதீர்கள். வேகம் போதவில்லை என்று குழந்தை சொன்னால், அடுத்த அளவு வண்டியை வாங்கும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். அந்த ஏமாற்றத்தைக் குழந்தை இரண்டே நாளில் மறந்துவிடும்.