நிலாவின் முதுகில் ஒரு இந்தியப் பெயர்!

சித்ரா பௌர்ணமி மாலையில் கன்னியாகுமரி கடற்கரையில் கால் வைக்க இடம் கிடைக்காது. மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா எழும்பும். ஆனால், எத்தனை பௌர்ணமி பார்த்தாலும் நமக்குத் தெரிவது நிலாவின் ஒரு முகம்தான். பூமியைச் சுற்றிவர எடுக்கும் அதே 27 நாள் சொச்சத்தில்தான் அது தன்னைத்தானேயும் ஒரு முறை சுற்றுகிறது. அதனால் முதுகைக் காட்டுவதே இல்லை. 1959-ல் சோவியத்தின் லூனா 3 படம் எடுக்கும்வரை அந்தப் பக்கத்தை யாரும் பார்த்ததில்லை.

அங்கேதான் இருக்கிறது ‘மித்ரா’ பள்ளம். விண்கல் மோதியதில் உண்டானது. குறுக்களவு 92 கி.மீ. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற தூரமே இதைவிடக் குறைவுதான்!

யார் இந்த மித்ரா? கல்கத்தாவின் இயற்பியல் பேராசிரியர் சிசிர் குமார் மித்ரா. வானில் உயரே இருக்கும் அயனி மண்டலத்தை ஆராய்ந்தவர். ஷார்ட்வேவில் வெளிநாட்டு ரேடியோ கேட்ட தாத்தாக்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள். அந்த ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பியது இந்த மண்டலம்தான். 1963-ல் மறைந்த அவர் பெயரை, 1970-ல் இந்தப் பள்ளத்துக்கு வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பூமியின் ரேடியோ அலைகள் நேரடியாக எட்டாத இடம் அது. குறுக்கே மொத்த நிலாவும் நிற்கிறதே!

2019 ஆகஸ்ட் 23-ம் தேதி, சந்திரயான் 2-ன் கேமரா மித்ராவைப் படம் பிடித்தது. அப்போது இஸ்ரோவின் தலைவர் கே.சிவன். நாகர்கோவில் அருகே சரக்கல்விளையைச் சேர்ந்த விவசாயி மகன். தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்து, தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதப் பட்டம் பெற்று, குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆனவர்.

இரண்டு வாரத்தில், செப்டம்பர் 7 அதிகாலை, விக்ரம் லேண்டர் தரையிறங்கும்போது தொடர்பு அறுந்தது. சிவன் கண்கலங்கிய வீடியோ எல்லார் போனுக்கும் வந்தது. மித்ரா படம் அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் வருத்தம். அதை எடுத்த ஆர்பிட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. தொடர்ந்து நிலாவைச் சுற்றியது. 2023-ல் வந்த சந்திரயான் 3-ன் லேண்டரோடும் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டது. அந்த லேண்டர் பத்திரமாகத் தரை தொட்ட தேதியும் ஆகஸ்ட் 23!