தத்தெடுக்கும் முன்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது தானா ராத்தா. பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் உள்ள இச்சிறுநகரைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்களும் காய்கறிப் பண்ணைகளும் பரந்து கிடக்கின்றன. இங்குள்ள தோட்டங்களில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். தோட்டத்து வீடு என்றால் வாசலில் ஒரு நாயும் அடுப்படியில் ஒரு பூனையும் இருப்பது பழகிப்போன காட்சி. அதே தோட்டச் சாலைகளிலும் கடைவரிசைகளின் பின்புறத்திலும் உரிமையாளர் இல்லாத நாய்களும் பூனைகளும் அலைவதும் பழகிப்போன காட்சிதான். இவை காட்டிலிருந்து வந்தவை அல்ல. இவையோ இவற்றின் முன்னோரோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு வீட்டில் வளர்ந்தவை. எனவே, தெருவில் தெரியும் இச்சிக்கலுக்கான தீர்வு வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வீட்டு நாய் ஈன்றதும் ஆண் குட்டியை வைத்துக்கொண்டு, பெண் குட்டிகளை அட்டைப்பெட்டியில் போட்டுச் சந்தையிலோ கோயில் அருகிலோ விட்டுவரும் பழக்கம் இன்னும் சிலரிடம் உள்ளது. “யாராவது எடுத்துக்கொள்வார்கள்” என்று அவர்கள் தங்களைத் தேற்றிக்கொள்கின்றனர். பிறந்து சில வாரங்களே ஆன குட்டியால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாது. மலைநாட்டின் குளிரிலும் மழையிலும் ஓர் இரவே அதற்குப் போதும். தப்பிப் பிழைக்கும் பெண் குட்டி ஓராண்டுக்குள் தானே தாயாகிறது. சுமை குறைந்தது என்று எண்ணியவர் உண்மையில் அதனைப் பலமடங்காக்கி ஊரின் தலையில் ஏற்றிவிடுகிறார்.

செல்லப்பிராணி வளர்க்க விரும்புவோர், கடையில் விலைகொடுத்து வாங்குவதைவிட ஆதரவற்ற ஒன்றைத் தத்தெடுப்பதே சிறந்தது. அதனால் ஓர் உயிருக்குப் புகலிடம் கிடைக்கிறது. வளர்ந்த நாயையோ பூனையையோ தத்தெடுத்தால், அதன் குணத்தையும் உடல் அளவையும் முன்கூட்டியே அறியவும் முடிகிறது. “குளிர் ஊர்தானே” என்று எண்ணி அடர்ந்த உரோமம் கொண்ட வெளிநாட்டு இன நாய்களைச் சிலர் தேடி வாங்குகின்றனர். கேமரன் மலையில் குளிரோடு ஈரமும் மிகுதி. நாள்தோறும் உரோமத்தை வாரி, நன்கு உலர்த்தாவிட்டால் தோல் நோய் வரும். அவ்வகை நாய்களுக்கு நீண்ட உடற்பயிற்சியும் தேவை. பெருமைக்காக வாங்கும் பிராணி, அந்தப் பெருமை தீர்ந்ததும் சங்கிலியில் கட்டுண்டு கிடக்கும்.

தத்தெடுக்கும் முன் குடும்பத்தினர் கூடிப் பேச வேண்டும். நாய் பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகளும், வீட்டுக்குள் வளரும் பூனை பதினைந்து ஆண்டுகளும் வாழக்கூடும். நான்காம் படிவ மாணவர் ஒருவர் இன்று கொண்டுவரும் பூனைக்குட்டி, அவர் முப்பது வயதை எட்டும்போதும் உயிரோடு இருக்கலாம். இடையில் அவர் மேற்படிப்புக்காக ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ சென்றுவிட்டால் அதற்கு உணவளிப்பவர் யார்? பாட்டிக்கு அதில் சம்மதமா? மருத்துவச் செலவை ஏற்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை கிடைக்காவிட்டால் தத்தெடுப்பதைத் தள்ளிப்போடுவதே அந்த உயிருக்குச் செய்யும் நன்மை.

பிராணி வீட்டிற்கு வந்தவுடன் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரங்களில் முதல் தடுப்பூசி போடப்படுகிறது. ஏறத்தாழ பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அது தொடர்கிறது. குடற்புழு நீக்க மருந்தும் கட்டாயம். தடுப்பூசி முழுமையாகாத குட்டியை, மற்ற நாய்கள் திரியும் இடங்களுக்கு அழைத்துச் செல்லக்கூடாது. வாந்தியையும் இரத்தக்கழிச்சலையும் உண்டாக்கும் பார்வோ நச்சுயிரி மண்ணில் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். வெறிநாய்க்கடி நோயையும் மறந்துவிட முடியாது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017-இல் சரவாக்கிலும் அந்நோய் பரவியது. சரவாக்கில் மனித உயிர்களும் பலியாயின.

வீட்டிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள ஆபத்துகளையும் அறிந்திருக்க வேண்டும். மீந்துபோன குழம்புச் சோற்றைப் பிராணிகளுக்குக் கொட்டுவது நம் வழக்கம். குழம்பில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாய், பூனைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. மனிதர் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசித்தமோல் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதுமானது. பண்ணைகளில் வைக்கப்படும் எலிப்பாஷாணமும் பூச்சிக்கொல்லியும் அவிழ்த்துவிடப்பட்ட பிராணிகளுக்கு எமனாகின்றன. வீட்டை அழகுபடுத்தும் லில்லி மலரின் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்.

தத்தெடுப்பவர் தவிர்க்கக்கூடாத மற்றொரு கடமை கருத்தடை அறுவை சிகிச்சை. “இது இயற்கைக்கு முரணானது” என்பர் சிலர். பிறந்த குட்டிகளைச் சாலையோரத்தில் விட்டுவருவது மட்டும் இயற்கையா? “செலவு அதிகம்” என்பர் வேறு சிலர். தோட்டத் தொழிலாளர் குடும்பத்திற்கு அது சுமைதான் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பூனையின் கருக்காலம் ஒன்பது வாரங்களே. ஆண்டுக்கு இருமுறை நந்நான்கு குட்டிகள் ஈன்றால்கூட எட்டுக் குட்டிகள் பிறக்கும். அந்த எட்டின் உணவுக்கும் மருந்துக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒரே ஓர் அறுவை சிகிச்சைக்கு ஆவது குறைவு. தோட்டத்து இளைஞர் மன்றங்களும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் சிறுகச் சிறுக நிதி திரட்டி உதவினால், இச்சுமையைப் பலரும் பகிர்ந்துகொள்ளலாம்.

சட்டமும் பொறுப்பை வலியுறுத்துகிறது. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தக்க உணவு, பொருத்தமான இருப்பிடம், நோயிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றை வழங்குவது உரிமையாளரின் கடமை என்று அது கூறுகிறது. விலங்குகளைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பல இனத்தவர் அருகருகே வாழும் நாட்டில், நாயைத் தன் வேலிக்குள் வைத்திருப்பதும், நடைக்கு அழைத்துச் செல்லும்போது வாரால் பிடித்துக்கொள்வதும், அதன் கழிவை அகற்றுவதும் அண்டை வீட்டாருக்குக் காட்டும் மரியாதையாகும்.

குளிரில் நடுங்கியதாக எண்ணி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்தான் வள்ளல் பேகன். அவனும் ஒரு மலைநாட்டுத் தலைவனே. அவனது ஈர நெஞ்சைத் தமிழுலகம் இன்றும் போற்றுகிறது. இன்றைய நிலையிலோ ஈர நெஞ்சு மட்டும் போதாது. போர்த்திவிட்டு நகர்ந்து செல்வதும் போதாது. அந்த உயிருக்கு எது தேவை என்று கற்றறிந்து, அதன் கடைசி நாள்வரை உடனிருக்க வேண்டும். அதற்கு ஆயத்தமானவர் தத்தெடுக்கட்டும். ஆயத்தமாகாதவர், தம்மிடம் இருக்கும் ஒரு பிராணிக்குக் கருத்தடை செய்தாலே தானா ராத்தாவின் சாலையோரத்தில் வைக்கப்படும் அட்டைப்பெட்டிகளில் ஒன்றேனும் குறையும்.