மரப்பெட்டிக்குள் கணினி

இல்லமும் கைவேலையும்



சென்ற மாதம் இப்பகுதியில், பழைய கதவுப் பலகைகளைக் கொண்டு புத்தக அலமாரி அமைக்கும் முறை பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த ஜபல்பூர் அன்பர் ஒருவர் கடிதம் விடுத்துள்ளார். மகனின் படிப்புக்காக அவர் வாங்கிய கணினியின் உட்கருவிகள் யாவும் நன்றாக உள்ளனவாம். வெளிப்பெட்டியின் தகரம் மட்டும் மழைக்காலத்து ஈரத்தால் துருவேறிவிட்டதாம். “கையில் நல்ல தேக்குப் பலகை இருக்கிறது. பெட்டியை மரத்தில் செய்துகொள்ளலாமா? மரமும் மின்சாரமும் சேர்ந்தால் தீப்பற்றும் என்று வீட்டில் அஞ்சுகிறார்கள்” என்று கேட்டிருக்கிறார்.

இந்த அச்சம் அவர் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. இரண்டாண்டுகளுக்கு முன் நாகபுரியில் எங்கள் குவார்ட்டர்ஸிலும் இதே பேச்சு எழுந்தது. பத்தாம் வகுப்பில் படிக்கும் பெண் நாள்தோறும் கைவைக்கும் பொருளாயிற்றே என்று என் மனைவி கேட்டாள். அக்கேள்விக்குத் தக்க விடை கிடைக்கும்வரை பலகையில் உளி வைப்பதில்லை என்று நான் முடிவு செய்தேன். தேடியறிந்த விடை இது: மரத்தில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் தகரப்பெட்டி வாய் திறவாமல் செய்துவந்த மூன்று வேலைகள் உண்டு. அவற்றை மரம் செய்யாது. நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

மரமும் கணினியும் சேர்வது புதுமையும் அன்று. இன்று மேசைதோறும் காணும் ‘மவுஸ்’ என்னும் கைக்கருவியின் முதல் மாதிரி, 1964-இல் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு மரக்கட்டையைக் குடைந்தே செய்யப்பட்டது. 1976-இல் வெளிவந்த ஆப்பிள்-1 கணினி வெறும் மின்பலகையாகவே விற்கப்பட்டது. பெட்டியை வாங்கியவர்கள்தாம் தேடிக்கொள்ள வேண்டும். அவர்களில் சிலர் மரத்தில் செய்துகொண்டார்கள். ஆயினும் நமக்கு நல்ல ஆசான் நம் பாட்டனார் வீட்டு வால்வு ரேடியோவே. அதன் வெளிக்கூடு மரம். உள்ளேயோ கருவிகள் யாவும் ஓர் உலோகத் தட்டின் மீது அமர்ந்திருக்கும். வால்வுகளின் சூடு வெளியேறுவதற்காகப் பின்புறத்து அட்டையில் துளைகள் இருக்கும். கருவியைத் தாங்குவது உலோகத் தட்டு, அதனை மூடி அழகு செய்வது மரம் என்ற அந்த அமைப்பையே கணினிக்கும் கொள்ள வேண்டும்.

இனி, அம்மூன்று வேலைகளைப் பார்ப்போம்.

முதலாவது, வெப்பத்தை வெளியேற்றுவது. தனி வீடியோ கார்டு இல்லாத வீட்டுக் கணினி, மும்முரமாக வேலை செய்யும்போது சுமார் 100 வாட் மின்சாரத்தை உண்ணும். அது முழுவதும் முடிவில் வெப்பமாகவே மாறுகிறது. அதாவது, பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பெட்டிக்குள் எரியவிட்டது போலாகும். எஃகு மரத்தைவிட நூறு மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். எனினும் தகரப்பெட்டியிலும் பெரும்பகுதி வெப்பம் தகட்டின் வழியே போவதில்லை. விசிறி தள்ளும் காற்றோடுதான் போகிறது. ஆகவே காற்றுக்கு நல்ல வழி வைத்தால் மரத்தினால் பெரிய இழப்பு இல்லை.

தீப்பற்றும் அச்சத்துக்கும் இங்கேயே விடை உண்டு. மரம் பற்றுவதற்கு ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் வெப்பமாவது வேண்டும். கணினியின் செயலியோ 100 பாகையை நெருங்கும்போதே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி அமைந்தது. பெட்டிக்குள் உள்ள காற்று அதனினும் மிகக் குறைந்த வெப்பத்திலேயே இருக்கும். உண்மையில் தீ வரக்கூடிய வழிகள் வேறு: தளர்ந்த மின் இணைப்பு, தரங்குறைந்த எஸ்.எம்.பி.எஸ்., காற்றுவழியை அடைத்துக்கொள்ளும் தூசி. இவை தகரப்பெட்டியிலும் உள்ள ஆபத்துகளே. எனினும் மரம் எரியும் பொருளாதலால், நாம் இருமடங்கு கவனமாக இருத்தல் நன்று. எஸ்.எம்.பி.எஸ்.ஸை அதன் சொந்த உலோகக் கூட்டோடு அப்படியே பொருத்த வேண்டும். அதனைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் உயர்ந்த மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

இரண்டாவது வேலை எர்த். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உலோகக் கூடு, மூன்று முள் பிளக்கின் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கிறது. தகரப்பெட்டியில் அக்கூடும், மதர்போர்டைத் தாங்கும் தட்டும், வெளித்தகடும் திருகாணிகளால் ஒன்றாகிவிடுகின்றன. உள்ளே எங்கேனும் மின்கசிவு ஏற்பட்டால் அது எர்த்துக்குப் போய்விடும். மரப்பெட்டியில் தட்டு ஒருபுறம், எஸ்.எம்.பி.எஸ். ஒருபுறம் என்று பிரிந்து நிற்கலாம். பின்புறத்து இணைப்புகளைத் தொடும் குழந்தையின் கைக்கு அது தகாது. ஆகையால் தட்டையும் எஸ்.எம்.பி.எஸ். கூட்டையும் ஒரு தடித்த செம்புக் கம்பியால், பெயிண்ட் சுரண்டிய இடத்தில் திருகாணி வைத்து இறுக்கிவிட வேண்டும். பழைய குடியிருப்புகளில் எர்த் இல்லாத சாக்கெட்டுகள் இன்றும் உண்டு. முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து அதனைச் சோதித்துக்கொள்ளுங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் சாக்கெட்டில் செருகுவதற்கென்று விற்கும் துண்டை இக்காரியத்துக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

மூன்றாவது வேலை, இரைச்சலைத் தடுப்பது. கணினியின் மின்பலகை ரேடியோ அலைகளை வீசும். உலோகப்பெட்டி அவற்றைப் பெரும்பாலும் உள்ளே அடக்கிவிடும், மரம் வழிவிட்டுவிடும். அருகில் ரேடியோ வைத்தால் கரகரப்பு கேட்கலாம். பக்கப்பலகைகளின் உட்புறத்தில் மெல்லிய அலுமினியத் தகட்டைத் திருகாணியால் பதித்து, அதனையும் தட்டோடு இணைத்தால் போதும். சமையலறைக் காகிதத் தகட்டை ஒட்டுவது சரியன்று. பசை விட்டு அது மின்பலகை மேல் விழுந்தால் கருவி கருகிவிடும்.

இப்போது வேலையின் முறைக்கு வருவோம்.

பழைய தகரப்பெட்டியைக் கபாடிக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அதன் ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்து, மதர்போர்டைத் தாங்கும் தட்டையும் பின்புறத் தகட்டையும் தனியே பிரித்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டிய உலோக உடல் அதுவே. துளைகள் யாவும் சரியான இடத்தில் முன்னமே இருக்கும். பித்தளைக் கால்களும் அதிலேயே இருக்கும். பின்புறத்தை மரத்தில் செய்ய முயல்வது வீண் சிரமம். இணைப்புகளுக்கான திறப்பு 158.75 மி.மீ. நீளமும் 44.45 மி.மீ. அகலமும் கொண்டது, அதில் பொருந்தும் சட்டம் மெல்லிய தகட்டையே கவ்வும். தடித்த பலகையானால் கவ்வாது. பிளக்குகளும் உட்சென்று எட்டா. அன்பரின் தட்டும் துருவேறியிருந்தால், அதே அளவுள்ள பழைய பெட்டி ஒன்றைக் கபாடிக்கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் கணினியின் மதர்போர்டு 244 மி.மீ. நீள அகலம் உடையது. எஸ்.எம்.பி.எஸ். 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம், 140 மி.மீ. ஆழம். இவற்றைக் கணக்கிட்டு, உள்ளளவாக 380 மி.மீ. உயரம், 340 மி.மீ. ஆழம், 180 மி.மீ. அகலம் வைத்தோம். செயலியின் மேல் நிற்கும் விசிறி உயரமானதாயின் அகலத்தைக் கூட்ட வேண்டும். இவ்வளவுகளில் என் மகள் முதலில் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு மாதிரி செய்தாள். கருவிகளை அதற்குள் வைத்துப் பார்த்ததில், கம்பிகள் எங்கே வளையும், கை எங்கே நுழையும் என்பதெல்லாம் தெரிந்தன. மரத்தை அறுக்குமுன் அட்டையை அறுப்பது செலவற்ற சிக்கனம்.

காற்று முன்புறத்தின் அடியில் நுழைந்து, பின்புறத்தின் மேற்பகுதியில் வெளியேற வேண்டும். சூடான காற்று மேலே எழுவது இயல்பாதலால் இவ்வழி அதற்கு இணங்கும். முன்புறத்தில் 120 மி.மீ. விசிறி ஒன்று போதும். அதன் திருகாணித் துளைகளின் இடைவெளி 105 மி.மீ. அவ்விசிறியின் வட்டப் பரப்பு சுமார் 113 சதுர செ.மீ. முன்பலகையின் திறப்பு அதற்குக் குறையலாகாது. 150 மி.மீ. நீளமும் 10 மி.மீ. அகலமும் உள்ள எட்டுப் பிளவுகள் வைத்தால் 120 சதுர செ.மீ. கிடைக்கும். பிளவுகளுக்கு இடையே 6 மி.மீ. மரம் விட்டால் வலுவும் குன்றாது, பார்வைக்கும் பழைய ரேடியோவின் முகம் போல் இருக்கும். விசிறியைச் சிறிது பின்தள்ளி வைத்து, சுற்றிலும் மரச்சட்டத்தால் அடைத்துவிட வேண்டும். இல்லையேல் உள்ளே இருக்கும் சூடான காற்றையே அது சுற்றிச் சுற்றி இழுக்கும். பிளவுகளின் உட்புறத்தில் நைலான் கொசுவலை கட்டி, மாதம் ஒருமுறை கழுவுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் விசிறி எப்பக்கம் நோக்குகிறதோ அப்பக்கத்தையும் பலகையால் மூடக்கூடாது.

மரத்தைப் பொறுத்தவரை நாகபுரிவாசிகள் கொடுத்துவைத்தவர்கள். சந்திரபூர், பல்லார்ஷா காட்டுத் தேக்கு இங்குள்ள லக்கட்கஞ்சில் கிடைக்கும். ஆனால் உலர்ந்த மரமே வேண்டும். பழைய கட்டிலின் மரம் கிடைத்தால் அதனினும் நன்று. மரம் தன் நீளவாட்டத்தில் ஏறக்குறைய மாறுவதில்லை. குறுக்கே மட்டும் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். மே மாதத்து வறட்சிக்கும் ஆகஸ்டு மாதத்து ஈரத்துக்கும் இடையில், 340 மி.மீ. அகலப் பலகை இரண்டு மூன்று மில்லிமீட்டர் அசையக்கூடும். ஆகவே எங்கள் மிஸ்திரி சட்டங்களுக்கு மட்டும் தேக்கை வைத்தார். பக்கங்களுக்கு 9 மி.மீ. பிளைவுட்டைச் சட்டத்தின் பள்ளத்தில் பசையில்லாமல் செருகினார். உலோகத் தட்டின் திருகாணித் துளைகளையும் சற்று நீள்வட்டமாக்கிக்கொண்டார். மரம் அசைந்தாலும் தட்டு வளையாதிருக்கவே இந்த ஏற்பாடு. வார்னிஷ் பூசி ஒரு வாரம் உலரவிட்டு, மரத்தூள் முழுவதையும் துடைத்த பின்னரே கருவிகளை உள்ளே வைக்க வேண்டும்.

எல்லாம் பொருத்தியபின் இரண்டு சோதனைகள் உண்டு. முதற்சோதனைக்குப் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, அதன் எர்த் முள்ளுக்கும் உலோகத் தட்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். தடை ஏறக்குறைய பூஜ்யமாக இருந்தால் எர்த் இணைப்புச் சரி. இரண்டாவது சோதனையைப் பெட்டி மாற்றுமுன்னரே தொடங்க வேண்டும். பழைய பெட்டியில் ஒரு மணி நேரம் வேலை வாங்கி, செயலியின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின் அதே அறையில், அதே வேலையை மரப்பெட்டியில் ஒரு மணி நேரம் வாங்குங்கள். ஐந்து பாகைக்கு மேல் கூடினால் காற்றுவழியை மேலும் அகலப்படுத்துங்கள். எங்கள் ஊரில் மே மாதத்து வெயில் 45 பாகையையும் தொடும். அந்த மாதத்துப் பிற்பகலில் இச்சோதனையைக் கடந்தபின்னரே, பெட்டி என் மகளின் மேசைக்குச் சென்றது. அதுவரை விலகியே நின்ற என் மனைவி, இப்போது கொசுவலை கழுவும் தேதியைக் காலண்டரில் தானே குறித்துவைக்கிறாள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கடையில் விற்கும் புதுத் தகரப்பெட்டியைவிட இது மலிவாக முடியாது. மரம் கையிலிருந்தாலும் மிஸ்திரியின் கூலி உண்டு. பணம் மட்டுமே கருத்தானால் தகரமே வாங்கலாம். அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் மரப்பெட்டியின் ஒவ்வொரு திருகாணியும் ஏன் அங்கே இருக்கிறது என்பதை எங்கள் வீட்டில் மூவரும் அறிவோம். மாற்றல் உத்தரவு வந்து வேறு ஊருக்குப் போனாலும், நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பழுது பார்க்க என் மகளுக்குத் தெரியும்.

ஆகவே ஜபல்பூர் அன்பர் அஞ்சாமல் தொடங்கலாம். முதலில் அட்டை மாதிரி, அடுத்து எர்த் சோதனை, பின்னரே தேக்கு என்ற வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். மகனையும் கூடவே அமர்த்திக்கொள்ளட்டும். வேலை முடிந்ததும் எழுதினால் மற்ற குடும்பங்களும் அறிந்து பயன்பெறும்.

அடுத்த இதழில், ஓலமிடும் பழைய மேசை விசிறியை அமைதிப்படுத்தும் வழிகளைக் காண்போம்.